இடது முன்சக்கரம்

பெட்ரோல் வாகனமாக இருந்திருந்தால் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் பல நாட்கள் கேட்டிருக்காது. எஞ்சின் இரைச்சலில் அமுங்கிப் போயிருக்கும். எங்களுடையது மின்சாரக் கார். டயர் உருளும் சத்தமும் கண்ணாடியில் காற்று உரசும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்காது. அந்த அமைதிக்குள் ஒரு திங்கட்கிழமை காலை, மன்னார்த் தீவில் எங்கள் தாராபுரத்து ஒழுங்கையிலிருந்து பெரிய றோட்டுக்கு ஏறியபோது, கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. யாரோ பழைய தகரம் ஒன்றை றோட்டில் இழுத்துக்கொண்டு என் கூடவே வருவது போல இருந்தது. நிறுத்தினேன், நின்றது. ஓடினேன், மறுபடியும் வந்தது. அதைக் கேட்டுப் பயந்துவிட்டேன்.

ஏன் அப்படிப் பயந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் அப்போது முருங்கனுக்கும் அப்பால், சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்து குடியேறிய ஒரு வயல் கிராமத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கஷ்டப் பிரதேசச் சேவை. அதை முடிக்காமல் இடமாற்றம் கேட்டு எந்தக் கந்தோர்ப் படி ஏறினாலும் பலனில்லை. முருங்கன் வரை பஸ் உண்டு. அதற்கப்பால் பாடசாலை தொடங்கும் நேரத்துக்கும் இல்லை, முடியும் நேரத்துக்கும் இல்லை. அதனால் முதல் இரண்டு வருடமும் முருங்கனில் ஒரு அறை எடுத்துத் தங்கி, விடிய வயலுக்குப் போகும் உழவு இயந்திரங்களில் தொற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போய்வந்தேன். வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வருவேன், ஞாயிறு பின்னேரம் போய்விடுவேன். மகளைப் பக்கத்து வளவில் இருந்த என் கணவரின் அக்கா, அவளுக்கு மாமி, பார்த்துக்கொண்டார். நான் முதலில் போனபோது மகளுக்கு மூன்று வயது கூட இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நான் வந்து செருப்பைக் கழற்றும்போது, மகள் மாமியின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று, என்னைக் காட்டிக் கேட்டாள்.

"அம்மா, அவ எப்ப போவா?"

அம்மா என்று கூப்பிட்டது மாமியை. மாமி பதறிப்போய் அவளை ஏசினார். நான் குசினிக்குள் போய், கழுவி அடுக்கியிருந்த சட்டிகளை இன்னொரு முறை கழுவினேன். மாமியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் நன்றாக வளர்த்தார். அதுதான் என்னை அரித்தது.

அதற்குப் பிறகு என் நகைகளெல்லாம், தாலிக்கொடி தவிர, அந்தக் காராக மாறின. கொழும்பில் யாரோ ஓடிக் களைத்த பழைய கார். காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வரலாம். நாலைந்து மாதத்தில் மகள் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள், மாமியை மாமி என்றாள். இப்போது அவளுக்கு ஆறு வயது. கார் இல்லையென்றால் நான் மறுபடியும் முருங்கன் அறைக்குத்தான் போகவேண்டும். திங்கட்கிழமை அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குக் கேட்டது இதுதான்.

முருங்கன் சந்தியில் உழவு இயந்திரம் திருத்தும் ஒரு கராஜில் காட்டினேன். அங்கே இருந்தவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், கையைப் பின்னால் கட்டியபடியே. மின்சாரக் காரைத் தான் தொடுவதில்லை என்றும், கரண்ட் அடித்தால் தன் மனைவிக்கு யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். செவ்வாய் பின்னேரம் என் கணவரும் நானும் மன்னார் டவுனுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒருவர் துணிந்து குனிந்து பார்த்தார். சக்கரத்தின் ஓட்டைகளுக்குள்ளால் டோர்ச் அடித்தார். பிரேக் கட்டை தெரிந்தது, நல்ல தடிப்பாக, புதிதைப் போல இருந்தது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார், நானும் பார்த்தேன். பிரேக்கில் பிழையில்லை, அப்படியென்றால் மோட்டாருக்குள் பெயரிங் போய்விட்டது, மோட்டாரைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பவேண்டும், எப்போது திரும்பும் என்று சொல்லமுடியாது என்றார்.

என் கணவருடைய தொழில் மீன்பிடி. ஓலைத்தொடுவாயிலிருந்து கடலுக்குப் போகிறவர் அவர். கடலிலே அதிகம் பேசாதவர், கரையில் அதைவிடக் குறைவாகப் பேசுவார். பொறுமை எங்கள் வீட்டில் அவருடைய பங்கு, கோபம் என்னுடையது. வீட்டுக்கு வந்ததும் யாருக்கோ போன் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வந்து சொன்னார்.

"வவுனியாவில ஒராள் இருக்கிறார். காரை இருக்கிறபடியே விலைக்கு எடுப்பாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாறார். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"பிள்ளையையும் ஏத்திக்கொண்டு பாலத்தில போகேக்க அது நிண்டா, நானோ வந்து பிடிக்கிறது?"

அன்று நான் பேசியதையெல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் எரியும். அவர் கேட்டுக்கொண்டே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். பயந்த மனிதனோடு சண்டை பிடிப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்றும் தெரியும். தெரிந்தும் பிடித்தேன்.

புதன்கிழமை காலை, வேண்டுமென்றே, அதே காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். மெதுவாக, ஓரமாக. கண் முழுக்கச் சார்ஜ் காட்டும் கட்டங்களில் இருந்தது. எங்கள் காரில் அந்தக் கட்டங்கள்தான் உயிர். பாடசாலையில் சார்ஜ் ஏற்ற அதிபர் விடமாட்டார், அது அரசாங்கத்துக் கரண்ட். வீட்டில் ஏற்றியதை வைத்துத்தான் போய்த் திரும்பவேண்டும். அதனால் நான் ஒரு வித்தை பழகியிருந்தேன். மின்சாரக் காரில் முடுக்கியிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பின்னிழுத்து வேகத்தைக் குறைக்கும், குறையும் வேகம் சார்ஜாகப் பற்றரிக்குத் திரும்பும். ஆகவே வளைவுக்கு நெடுந்தூரத்துக்கு முன்பே காலை எடுத்துவிடுவேன். பிரேக்கைத் தொடுவதேயில்லை. தொட்டால் வீண்செலவு என்று மனம் சொல்லும். நானும் என் கணவரும் இளவயதில் சண்டைக்குப் பயந்து மடுப் பக்கம் இடம்பெயர்ந்து இருந்தவர்கள். அங்கே எரிபொருளுக்குத் தடை. ஊசியால் ரெண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டு மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, மிச்சத் தூரமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள். சிக்கனம் எங்களுக்குக் குணம் இல்லை, வியாதி.

அந்தப் புதன்கிழமை முருங்கனை அடையும் முன்பே வழக்கத்தைவிட இரண்டு கட்டம் குறைந்திருந்தது. அதே றோட்டு, அதே வேகம். எங்கே போனது அந்தச் சார்ஜ்? ஒன்றும் காணாமல் போகாது, வேறொன்றாக மாறும் என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒரு மரத்தடியில் நிறுத்தி இறங்கினேன். நிற்க முடியவில்லை, காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒரு புகைந்த நாற்றம் இருந்தது. நாலு சக்கரத்தின் நடுவிலும் ஒவ்வொன்றாகக் கை வைத்தேன். வலது முன்சக்கரம் இளஞ்சூடு. பின்னிரண்டும் அப்படியே. இடது முன்சக்கரத்தில் வைத்த கையை உதறிக்கொண்டு எடுத்தேன்.

சுட்டது எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. மோட்டார் நடுவில் இருக்கிறது. அதில் பிழையென்றால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏன் சுடவேண்டும்? ஏதோ ஒன்று அந்தச் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அன்று வகுப்பில் நான் என்ன படிப்பித்தேன் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பின்னேரம் வீட்டு வாசலில் வந்து நின்றதும் இறங்காமலே அவரைக் கூப்பிட்டேன்.

"இஞ்ச வாங்கோ. இதில கை வையுங்கோ. அங்கால பக்கமும் வையுங்கோ."

வைத்துப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். நான் ஒழுங்கையில் காரை மெல்ல ஓட்ட, அவர் இடது சக்கரத்துக்குக் காதைச் சாய்த்தபடி கூடவே ஓடி வந்தார். வேலியோரம் நின்று பார்த்த சனத்துக்கு, நான் அவரை விட்டுவிட்டுப் போகிறேன், அவர் கெஞ்சிக்கொண்டு ஓடி வருகிறார் என்றுதான் தோன்றியிருக்கும். அந்தக் கதை பிறகு கோயில் வாசல் வரை போனது. ஒழுங்கை முடிவில் மூச்சு வாங்கியபடி, சத்தம் அந்தச் சக்கரத்துக்குள்தான் என்றார்.

இருந்தும் கை வைக்கத் தயங்கினார். கரண்ட். தடித்த செம்மஞ்சள் வயர்கள்தான் ஆபத்தானவை, அவை பற்றரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் போகின்றன, அவற்றில் ஒன்றும் சக்கரத்துக்கு வரவில்லை, சக்கரத்தில் இருப்பது எந்தக் காரிலும் இருக்கும் பிரேக்தான் என்று விளங்கப்படுத்தினேன். காரை அணைத்து, முன்னால் இருக்கும் சின்னப் பற்றரியின் வயரையும் கழற்றிக் காட்டினேன். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தினோம். வலது சக்கரம் ஒரு தட்டுக்கு நன்றாகச் சுழன்றது. இடதை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பவேண்டியிருந்தது, திரும்பும்போது அதே கரகரப்பு.

சக்கரத்தைக் கழற்றியதும் இரும்பு டிஸ்க் தெரிந்தது. அதை உள்ளேயிருந்து ஒரு கட்டை, வெளியேயிருந்து ஒரு கட்டை என்று இரண்டு கட்டைகள் நெருக்கிப் பிடிப்பதுதான் பிரேக். வெளிக்கட்டை, டவுனில் பார்த்தது போலவே, தடிப்பாக இருந்தது. உள்கட்டையைப் பார்க்க, கட்டைகளை அழுத்தும் கவ்வியைக் கழற்றவேண்டும். கவ்வி அசைந்து கொடுப்பதற்கென்று இரண்டு இரும்புப் பின்கள் உண்டு, அவை துருவில் இறுகிக் கிடந்தன. என்னால் பார்த்துக்கொண்டு நிற்கவே முடியவில்லை. அடியுங்கோ, பலமாக அடியுங்கோ என்று அவருடைய தலைக்கு மேல் நின்று கரைச்சல் கொடுத்தேன். அவர் மண்ணெண்ணெய் ஊற்றி, காத்திருந்து, சின்னதாகத் தட்டி, மறுபடியும் ஊற்றினார். உப்பில் இறுகிய ஆணிகளோடு வாழ்ந்த கை. கடைசியில் அவை வந்தன.

உள்கட்டை தேய்ந்து முடிந்திருந்தது. தேயவேண்டிய பகுதி ஒரு துளியும் மிச்சமில்லை, இரும்போடு இரும்பு உரசி, டிஸ்க்கின் உள்முகத்தில் வட்டம் வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. பின்கள் இறுகியதால் கவ்வி விலகவில்லை. விலகாததால் உள்கட்டை எந்நேரமும் உரசிக்கொண்டே இருந்தது. வெளிக்கட்டை சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. டவுன்காரர் பொய் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் சும்மா இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

ஏன் இறுகியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கார் கடலுக்குள் போவதில்லையே. அவர் பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் படிந்திருந்த வெள்ளைத் தூளை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிக் கிணற்றைப் பார்த்தார்.

கடலால் வந்ததும் படகு எஞ்சினைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவாமல் எங்கள் பக்கத்தில் யாரும் சாப்பிடக்கூட உட்காரமாட்டார்கள். அது எஞ்சினுக்குச் செய்யும் மரியாதை. கார் வந்த நாளிலிருந்து அவர் காருக்கும் அந்த மரியாதையைச் செய்துவந்தார். தினமும் பின்னேரம் வாளி வாளியாக அள்ளி, சக்கரத்துக்குள்ளும் அடியிலும் வீசி அடித்துக் கழுவுவார். எங்கள் கிணறு உவர்க் கிணறு. குடிக்கத் தண்ணீர் பவுசர் லொறியில் வாங்குகிறோம். கடலில் ஊறும் எஞ்சினுக்கு அந்த உவர்த் தண்ணீர் நல்ல தண்ணீர். வெயிலில் காயும் காருக்கு அது தினமும் ஒரு பிடி உப்பு. பிரேக்கை அடிக்கடி மிதித்திருந்தால் அந்தத் துருவாவது உரசிப் போயிருக்கும், கவ்வியும் அசைந்து பழகியிருக்கும். நான் மிதிக்கவில்லை. அவர் உப்பு வைத்தார், நான் சிக்கனம் பிடித்தேன். இரண்டு பேரும் அந்தக் காரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தே கெடுத்திருக்கிறோம்.

சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. வவுனியாக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாமென்று சொல்லுங்கோ என்றேன். முதலில் கார் ஓடட்டும், சொன்ன சொல் சொன்னதுதான் என்றார். எனக்கு மறுபடியும் தலைக்கேறியது.

கட்டைகளும் பின்னுக்குப் பூசும் கிறீஸும் வவுனியாவில்தான் இருந்தன. கடைக்காரர் வெள்ளிக்கிழமை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். டிஸ்க்கை என் கணவர் டவுனில் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனார். நான் வியாழக்கிழமை விடிய, பையில் ஒரு சேலையை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன், பாடசாலைக்குப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன். அன்றிரவு பழைய அறையில் படுக்கை. வீட்டுக்கார அம்மா அதே கட்டிலைக் காட்டினார். பின்னேரம் மகளோடு கதைக்கப் போன் எடுத்தேன். அவள் விளையாடுகிறாள், கூப்பிட்டும் வருகிறாளில்லை என்றார் மாமி. ஒரு பிள்ளை விளையாடுவதில் என்ன இருக்கிறது? எனக்கு எல்லாம் இருந்தது. எழுந்து யன்னலைத் திறந்தேன், சாத்தினேன், மறுபடியும் திறந்தேன். இன்னும் எத்தனை வருடச் சேவை மிச்சம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முருங்கன் சந்தியில் கண்டக்டரிடம் பார்சலை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. படகுக்குப் பூசும் கிறீஸ் ஒரு டின் இருக்கிறதே, அதையே பூசுவோம் என்றார் அவர். பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையை அது ஊதவைத்துவிடும், அனுப்பியதைத்தான் பூசவேண்டும் என்று டின்னைப் பிடுங்கி வைத்தேன். துருவைத் தேய்த்து எடுத்தோம். கடைந்து பளபளத்த டிஸ்க்கை மாட்டினோம். பிரேக் எண்ணெய் மூடியைத் திறந்து வைத்து, படகுப் பலகை இறுக்கும் பிடியால் கவ்விக்குள் இருந்த உருளையை மெல்ல உள்ளே தள்ளினார். புதுக்கட்டைகள் இரண்டும் உட்கார்ந்தன. விரலால் தள்ள, கவ்வி வழுக்கிக்கொண்டு போய் வந்தது. மற்றச் சக்கரத்தையும் விடவில்லை, அங்கேயும் பின்கள் இறுகத் தொடங்கியிருந்தன.

எல்லாம் பூட்டி முடிய, ஓடுவதற்கு முன், மிதி இறுகும்வரை பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தேன். பிறகு ஓலைத்தொடுவாய் றோட்டில், ஆளில்லாத இடத்தில், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேகம் எடுத்து ஓங்கி மிதித்தேன். கார் இழுபடாமல் நேரே நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அவர் இறங்கி இடது சக்கரத்தில் கை வைத்தார், வலதில் வைத்தார், ஏறி உட்கார்ந்தார். நாளைக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். வரட்டும் பார்ப்பம் என்றார். அந்தப் பதிலைக் கேட்டு எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது.

ஞாயிறு பூசையில் சுவாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் முழங்காலில் இருந்து என் பிரசங்கத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். நகை யாருடையது, சுட்ட கை யாருடையது, இந்தப் பிள்ளை யாரை அம்மா என்று கூப்பிடவேண்டும் என்று வரிசையாக.

வீட்டுக்கு வரும்போது வவுனியாக்காரர் வாசலில் நின்றார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார், அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. சத்தம் போடும் கார் என்று கேள்விப்பட்டு வந்தவர் அவர். என் கணவரை ஏற்றிக்கொண்டு பாலம் வரை ஓடிவிட்டு வந்தார். கார் சத்தமில்லாமல் ஒழுங்கைக்குள் வந்து நின்றதைப் பார்த்து என்னை நானே ஏசினேன். அவ்வளவு பாடுபட்டு, விற்கிறதற்கென்றே திருத்திக் கொடுத்தது போல ஆகிவிட்டது. இறங்கியவர் முகம் முழுக்கச் சிரிப்பு. இன்றைக்கே கொண்டுபோகிறேன் என்றார்.

என் கணவர் காரைப் பூட்டி, திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் கேக்காமல் உங்களுக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன், அண்ணை. வாகனம் மனிசியின்ர. அவவைத்தான் கேக்கவேணும்," என்றார். பிறகு அந்த மனிதரின் முன்னாலேயே என்னைப் பார்த்துக் கேட்டார், "என்ன, குடுப்பமோ?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து வெளியாள் ஒருவரின் முன்னால் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பூசை நேரம் முழுக்க அடுக்கி வைத்த பேச்சுக்கு இனி வேலை இல்லை. கையை மட்டும் நீட்டினேன். திறப்பை வைத்தார். வவுனியாக்காரருக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? மாமி தேத்தண்ணி கொண்டுவந்தார். என் கணவர் பல தடவை மன்னிப்புக் கேட்டு, அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை முருங்கன் றோட்டில், முன்னும் பின்னும் ஒரு வாகனமும் இல்லாத இடம் பார்த்து, பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ஒரு கட்டம் குறைந்தால் குறையட்டும். இன்னும் இரண்டு தடவை மிதித்தேன். மாலையில் வழக்கமான நேரத்துக்குக் காரை வளவுக்குள் விட்டு, அவசரம் அவசரமாக வீட்டுக்குள் போனேன். மகள் பாயில் குப்புறப் படுத்து, கொப்பியில் முகம் பதித்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் வந்ததை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் காலையிலிருந்து அடுத்த அறையிலேயே இருந்தது போல, எழுதியபடியே கேட்டாள்.

"அம்மா, என்ர அழிறப்பர் எங்க?"

என்னை யாரும் இவ்வளவு நன்றாக வரவேற்றதில்லை. தோளிலிருந்த பையை இறக்கவும் மறந்து, கதிரைக்குக் கீழே குனிந்து தேடத் தொடங்கினேன்.